சந்துக்குக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள்: நில அலுவலகமா, மாநகர் மன்றமா, கோர்ட்டா?

ஆறாம்வீடு எழுதியது:

வணக்கம். பினாங்குத் தீவில் பழைய வரிசை வீடுகள், மொத்தம் 14. வீடுகளுக்குப் பின்னால் லோரோங் (பின்தெரு), அகலம் ஏறக்குறைய 20 அடி. லோரோங்கின் முனையில் மூலை வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி 6 அடிச் சந்து ஒன்று பெரிய சாலைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிறது. பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாருக்கும் அதுதான் வழி. முன்பக்கச் சாலை வழியாகப் போனால் ஒரு பெரிய சுற்று.

மூலை வீட்டை வாங்கிய புது உரிமையாளர் சந்தின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். "கிராண்ட்ல (நிலப் பட்டாவில்) என் நிலம்" என்கிறார். வீட்டின் பின்பக்கம் லோரோங்குக்குள் ஸிங்க் கூரை இறக்கி, மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்துகிறார். கம்ப்ரெஸர் சத்தம் இரவு 11 வரை. பழைய எண்ணெய் கால்வாயில்.

என் கேள்விகள் இவை. அந்தச் சந்து பொதுவழியா இல்லையா என்று முடிவு செய்வது யார்? புகாரை எந்த வரிசையில் கொண்டுபோக வேண்டும்? ஒருவர் மட்டும் வழக்குப் போட முடியுமா, 14 வீடும் சேர வேண்டுமா? காலக்கெடு ஏதும் உண்டா? இளைஞர்கள் சிலர் பூட்டை வெட்டிவிடலாம் என்கிறார்கள். அது சட்டப்படி சரியா?

எல்லைக்கல் எழுதியது:

எந்த இலாகாவுக்கும் போகும் முன் அந்த 6 அடி யாருடைய நிலம் என்பதைக் காகிதத்தில் பிடித்துவிடுங்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அது ரிசாப் ஜாலான் (சாலைக்கு ஒதுக்கிய நிலம்) அல்லது வேறு அரசாங்க நிலம். இரண்டு, மூலை வீட்டு லாட்டின் (மனையின்) பகுதி. மூன்றாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை: பழைய மேம்பாட்டாளர் நிலத்தைப் பிரித்தபோது அரசாங்கத்திடம் ஒப்படைக்காமல் விட்ட துண்டு. அது இன்னும் அந்தக் கம்பெனி பெயரிலேயே கிடக்கும். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

நில அலுவலகத்தில் மூலை வீட்டு லாட்டுக்குச் சாரியான், அதாவது உரிமைப் பதிவின் நகல், எடுங்கள். உரிமையாளர் அனுமதி தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் பிரிவு 384-இன் கீழ் தனியார் சாரியான், 385-இன் கீழ் அதிகாரபூர்வச் சாரியான். நிலைமை தெரிந்துகொள்ள முதலாவது போதும். வழக்கு வரை போகும் என்றால் முத்திரையுள்ள இரண்டாவதையே எடுத்துவிடுங்கள். லாட் எண், முக்கிம் (வட்டாரம்) அல்லது பண்டார் (நகர்), செக்‌ஷன் எண் வேண்டும். உங்கள் சொந்த வீட்டின் நிலவரி ரசீதில் உங்கள் எண் இருக்கும். பக்கத்து எண்களை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சாரியானில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். உரிமையாளர் பெயர், ஷாரத் ஞாத்தா எனப்படும் நில நிபந்தனை, கடைசியில் வரும் பதிவுக் குறிப்புகள். பிறர் நடந்துபோகும் உரிமை எப்போதாவது பதிவாகியிருந்தால் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கும்.

அடுத்து, நில அளவை இலாகாவிலிருந்து அந்த லாட்டின் பெலான் அக்குய், அதாவது சான்றளித்த அளவை வரைபடம், வாங்குங்கள். பழைய பினாங்கு வரைபடங்களில் அளவு மீட்டரில் இருக்காது, லிங்க் கணக்கில் இருக்கும். 1 லிங்க் 0.66 அடி. 30 லிங்க் என்றிருந்தால் 19.8 அடி, அதுதான் உங்கள் 20 அடி லோரோங். 9 லிங்க் என்றால் 5.94 அடி. இந்தக் கணக்கு தெரியாமல் 9-ஐ அடி என்று படித்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது காகிதம் மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் இருக்கும் பெலான் சூசுன் ஆத்தூர், அதாவது வீடமைப்புக்கு அங்கீகாரம் கொடுத்தபோது இருந்த தள அமைப்பு. கிராண்டில் தனியார் நிலமாகத் தெரிவது இதில் நடைபாதையாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். அது பெரிய ஆயுதம்.

கேட் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் உள்ள நில அளவையாளரை வைத்து எல்லைக்கல்லை மறுபடி அடையாளம் காணச் சொல்லுங்கள். டேப் பிடித்து நீங்களே அளந்தது போட்டோவுக்கு உதவும், கோர்ட்டில் நிற்காது. கல்லைத் தோண்டவோ நகர்த்தவோ யாரையும் விடாதீர்கள். அது தனிக் குற்றம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் மக்கள் பெரும்பாலும் இதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "நாப்பது வருஷமா நடக்கிறோம், உரிமை வந்துடுச்சு" என்ற வாதம் இங்கே எடுபடாது. நீண்ட காலம் பயன்படுத்தியதால் தனியார் நிலத்தின் மீது வழியுரிமை பிறக்காது என்று நிலச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தால்தான் வழியுரிமை. இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு 20 வருடம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மன்றக்கடிதம் எழுதியது:

எல்லைக்கல் ஐயா சொன்னது முதல் படி. காகிதம் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சந்து யாருடையதாக இருந்தாலும் லோரோங்குக்குள் இறங்கிய கூரையும் பட்டறையும் தனிப் பிரச்சனைகள், இன்றே தொடங்கலாம்.

புகார்கள் தோற்கும் பெரிய காரணம், எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டுவது. கேட், சத்தம், எண்ணெய், கூரை, வண்டி நிறுத்தம் எல்லாம் ஒரே தாளில் போனால் மன்றத்தில் ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டும். ஒரு விஷயத்துக்கு ஒரு கடிதம், ஒரு கடிதத்துக்கு ஒரு இலாகா.

லோரோங்கில் கூரையும் பொருள்களும்: சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, பிரிவு 46. பொது இடத்தில் சுவர், வேலி, கம்பம், குவியல் எது வைத்தாலும் இடையூறு. அனுமதியில்லாமல் திறந்த கால்வாயை மூடுவதும் அதே பிரிவில் வருகிறது. அனுமதியில்லாமல் கட்டியது என்ற கோணத்துக்குப் பிரிவு 70, அதை உடைத்து அகற்ற உத்தரவிட 72. இது கட்டடப் பிரிவுக்குப் போகும் கடிதம். லோரோங் ரிசாப் நிலம் என்றால் நில அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போடலாம். அரசாங்க நிலத்தை ஆக்கிரமிப்பது நிலச் சட்டத் தொகுப்பின் பிரிவு 425-இல் குற்றம்.

எண்ணெய்: பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் சுற்றுச்சூழல் இலாகாவின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு. கால்வாயில் ஊற்றுவதற்கு ஊராட்சிச் சட்டம் 1976, பிரிவு 69 தனியாக இருக்கிறது. கால்வாய்த் தண்ணீரில் எண்ணெய் மினுக்கும் படமும், எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று தெரியும் படமும் சேர்த்து அனுப்புங்கள்.

சத்தமும் பட்டறையும்: ஊராட்சிச் சட்டத்தில் தொல்லை என்பதன் பொருள் விரிவானது. பார்வை, மணம், காது இவற்றுக்குத் தீங்கோ எரிச்சலோ தரக்கூடியது எல்லாம் அதில் அடங்கும். பிரிவு 80 தொல்லையை நீக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை மன்றத்துக்குத் தருகிறது, 81 எவை தொல்லை என்று பட்டியலிடுகிறது. 82-இன் கீழ் நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், கேட்காவிட்டால் மேஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் என் பார்வையில் சத்தத்தை விடப் பலமான பிடி லைசென்ஸ். பட்டறைக்கு லைசென்ஸ் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் கதை அங்கேயே முடியும். இருந்தாலும் பிரிவு 107-இன்படி மன்றம் காரணம் சொல்லாமலே எந்த நேரமும் அதை ரத்து செய்யலாம். சத்தத்தை அளந்து நிரூபிப்பது கஷ்டம், லைசென்ஸ் நிபந்தனையை மீறியதைக் காட்டுவது சுலபம்.

குடியிருப்பு வீட்டைப் பட்டறையாக்குவது நிலப் பயன்பாட்டு மாற்றம். அதற்குத் திட்டமிடல் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் நகர், கிராமப்புறத் திட்டமிடல் சட்டம் 1976, பிரிவு 26-இல் 500,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. தொடர்ந்தால் நாளுக்கு 5,000 வெள்ளி வரை கூடும். கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் அது யார் மேசைக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பமே இருக்காது.

கிராண்டில் குடியிருப்பு என்று நிபந்தனை இருந்தால் நில அலுவலகம் நிலச் சட்டத் தொகுப்பின் பிரிவு 127-இல் நடவடிக்கை எடுக்கலாம். பழைய நகர்ப்புறக் கிராண்டில் நிபந்தனையே எழுதியிருக்காது. அப்படியிருந்தால் பிரிவு 53-ஐப் பாருங்கள், நகர் நிலத்தை விவசாயத்துக்கோ தொழிற்சாலை வேலைக்கோ பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனை தானாகவே ஏறிக்கொள்ளும்.

தீயணைப்பு இலாகாவை மறந்துவிடாதீர்கள். லோரோங்கில் கூரை இறங்கி, கேட் பூட்டி, பெட்ரோல் வண்டிகள் நிற்கும் இடத்தில் தீப்பிடித்தால் வெளியேறவும் வழியில்லை, பொம்பா (தீயணைப்பு வண்டி) உள்ளே வரவும் வழியில்லை. தீயணைப்புச் சேவைச் சட்டம் 1988-இல் தீ ஆபத்தை நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

கடிதம் மலாயில் எழுதுங்கள். தலைப்பிலேயே "அடுவான் ஹாலாங்கான் டி லோரோங் பிளாக்காங்" (பின்தெருவில் தடை பற்றிய புகார்) என்று போட்டு லாட் எண்ணைக் கொடுங்கள். இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி, தேதியுள்ள மூன்று நான்கு படம், அவற்றில் ஒன்றில் டேப் விரித்து அகலம் தெரிய வேண்டும். முடிவில் மூன்று கேள்வி: இந்தக் கேட்டுக்கோ கூரைக்கோ மன்றம் அனுமதி கொடுத்ததா, சோதனைக்கு என்றைக்கு வருவீர்கள், கோப்பு எண் என்ன. கவுண்டரில் கொடுத்தால் உங்கள் நகலில் "தெரிமா" (பெற்றுக்கொண்டோம்) சாப், அதாவது முத்திரை, அடித்து வாங்குங்கள். அந்தச் சாப்பும் கோப்பு எண்ணும் இல்லாத புகார் பின்னால் நடக்கவே நடக்காத புகாராகிவிடும். ஒரு நகல் உங்கள் வட்டார மன்ற உறுப்பினருக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு.

நடைமுறையில் இன்னொன்று. அதிகாரி காலை பத்து மணிக்கு வருவார். பட்டறை சாத்தியிருக்கும், கம்ப்ரெஸர் அணைந்திருக்கும். "தொல்லை எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை போய்விடும். சத்தம் எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு என்று கடிதத்திலேயே எழுதி, அந்த நேரத்தில் வரச் சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனால் அதில் உள்ள கெடு தேதியைப் படம் எடுத்து வையுங்கள். கெடு முடிந்த மறுநாளே "இன்னும் அகற்றவில்லை" என்று கோப்பு எண்ணோடு எழுதுங்கள். நோட்டீஸ் கொடுப்பதோடு நிற்கும் கோப்புகள் அதிகம். அதை நகர்த்துவது இந்த இரண்டாவது கடிதம்தான்.

லைட்ஸ்திரீட் எழுதியது:

பூட்டு வெட்டும் கேள்விக்கு முதலில். வேண்டாம். பொதுவழியை மறித்த தடையை அதனால் தனியாகப் பாதிக்கப்பட்டவர் தேவையான அளவுக்கு மட்டும் நீக்கலாம் என்று பழைய பொதுச் சட்டத்தில் ஒரு கொள்கை உண்டு, உண்மைதான். ஆனால் அது பொதுவழிதான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். நிலம் அவருடையது என்று ஆகிவிட்டால் குற்றவியல் சட்டத்தில் சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல் இரண்டும் உங்கள் பிள்ளைகள் தலையில் விழும். அவர் செய்த தப்பை விட்டுவிட்டு உங்கள் தப்பைப் பற்றிப் பேச வேண்டிய நிலை வந்துவிடும்.

போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள், ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பொதுவழியை மறிப்பது குற்றவியல் சட்டம் பிரிவு 283, பொதுத் தொல்லை 268, அதற்குத் தண்டனை 290. நிலத் தகராறு கலந்திருப்பதால் பெரும்பாலும் "சிவில் கேஸ்" என்பார்கள், அல்லது மேஜிஸ்திரேட்டைப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். ரிப்போர்ட்டின் பயன் தேதி. எப்போது மறிக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 84-ஐ நம் ஆட்கள் அதிகம் கேட்பதில்லை. பொதுமக்கள் சட்டப்படி பயன்படுத்தும் வழியில் உள்ள தடையை அகற்றச் சொல்லி மேஜிஸ்திரேட் நிபந்தனை உத்தரவு போடலாம். எதிராளி அகற்ற வேண்டும், அல்லது வந்து காரணம் காட்ட வேண்டும். வழக்கு போல் நீளாது. ஆனால் "பொதுமக்கள் சட்டப்படி பயன்படுத்தும் வழி" என்பதுதான் திறவுகோல். ரிசாப் என்று காகிதம் இருந்தால் இந்தப் பாதை நேரானது. நிலம் யாருடையது என்பதிலேயே உண்மையான சந்தேகம் இருந்தால் மேஜிஸ்திரேட் தயங்குவார்.

இனி சிவில் வழக்கு. பொதுத் தொல்லைக்கு யார் வேண்டுமானாலும் வழக்குப் போட முடியாது. இரண்டு கதவு. ஒன்று, மற்றப் பொதுமக்களை விட உங்களுக்குத் தனியாக, கூடுதலாக நேர்ந்த பாதிப்பைக் காட்டுவது. சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்பது எல்லாருக்கும் பொது, அது மட்டும் போதாது. இரண்டாவது கதவு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டம் 1956, பிரிவு 8. சட்டத்துறைத் தலைவரே வழக்குப் போடலாம். அல்லது அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ போடலாம். தனிப் பாதிப்பு இல்லாவிட்டாலும் உரிமை அறிவிப்பு, தடையுத்தரவு இரண்டும் கேட்கலாம். இருவர் போதும், 14 வீடும் வேண்டாம். ஒப்புதல் கேட்கும்போது வெறும் கடிதம் அனுப்பாமல் கோரிக்கை மனுவின் வரைவு, வரைபடங்கள், மன்றத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து லாயர் வழியாக அனுப்புங்கள். இந்த ஒப்புதல் இல்லாமல் போட்டால் தகுதியில்லை என்ற ஒரே வாதத்தில் வழக்கு விழும். பொது உரிமைக்காக யார் வழக்காடலாம் என்பதில் 1988-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்த வழக்கில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் தோற்றது இந்தத் தகுதிக் கேள்வியில்தான்.

சத்தம், எண்ணெய் வாடை உங்கள் வீட்டுக்குள் வருவது வேறு, அது தனித் தொல்லை. அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் தன் பெயரில் போடலாம். பலர் ஒரே நலனுக்காகச் சேர்ந்தால் கோர்ட் விதிகள் 2012-இன் 15-ஆம் கட்டளை, 12-ஆம் விதிப்படி ஒருவர் மற்றவர்களின் பிரதிநிதியாக வரலாம்.

எந்தக் கோர்ட்? செஷன்ஸ் நீதிமன்றம் 2013 மார்ச்சிலிருந்து 10 லட்சம் வெள்ளி வரை விசாரிக்கலாம், தடையுத்தரவும் கொடுக்கலாம். ஆனால் கீழ்நிலை நீதிமன்றச் சட்டம் பிரிவு 69 அசையாச் சொத்து தொடர்பான வழக்குகளை, சில விலக்குகளைத் தவிர, அதன் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. வழியுரிமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போவதே பாதுகாப்பு. தப்பான இடத்தில் தொடங்கினால் மாதக்கணக்கில் போகும்.

அவசரமாக ஒருதரப்பு இடைக்காலத் தடையுத்தரவு வாங்கினால் அது 21 நாளில் தானாகக் காலாவதியாகும். அதற்குள் இருதரப்பு விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். கேட்கும்போது எதிராளிக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பவர் யார், அவரால் கட்ட முடியுமா என்பதை 14 வீடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆர்வத்தில் முன்னால் நிற்கும் ஒரு பென்ஷன்காரர் தலையில் அதைக் கட்டிவிடாதீர்கள்.

காலக்கெடு. வீட்டுக்காரர் மீது தொல்லை வழக்குக்கு ஆறு ஆண்டு. மன்றத்தின் மீதோ வேறு அரசாங்க இலாகா மீதோ போடுவதானால் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948-இல் 36 மாதம். தொடர்ந்து நடக்கும் பாதிப்பு என்றால் அது நின்றதிலிருந்து 36 மாதம். மன்றம் எடுத்த ஒரு முடிவை எதிர்த்து நீதிமுறை மறுஆய்வு கேட்பதற்குக் கோர்ட் விதிகளின் 53-ஆம் கட்டளையின் கீழ் மூன்று மாதம்தான். இதில்தான் பலர் விழுகிறார்கள். மன்றம் "கேட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம்" என்று கடிதம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுங்கள். மேல்முறையீட்டுக் கடிதம், மறு கடிதம் என்று எழுதிக்கொண்டே இருந்தால் மூன்று மாதம் ஓடிவிடும்.

சாட்சியத்துக்கு ஒரு பழக்கம். யாராவது ஒருவர் ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன நடந்தது என்று தினமும் எழுதட்டும். வாட்ஸ்அப் படங்களையும் கேமராப் பதிவையும் கோர்ட்டில் வைக்க சாட்சியச் சட்டம் 1950, பிரிவு 90ஏ-இன்படி சான்று தேவைப்படும். அதனால் எந்தக் கருவியில் யார் எடுத்தது என்பது தெரிய வேண்டும். குழுவில் வந்த படத்தைக் குழுவுக்கே திருப்பி அனுப்பி, மூலத்தை அழித்துவிடாதீர்கள். உடல்நலப் பாதிப்பு என்று வாதிட்டால் நிபுணர் சாட்சியம் இல்லாமல் நிற்காது. புக்கிட் மேரா மக்கள் ஏசியன் ரேர் எர்த் என்ற அரிய கனிம ஆலைக்கு எதிராக 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. நிபுணர் சாட்சியத்தை எடைபோட்டதில்தான் வேறுபாடு.

ஆறாம்வீடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. காகிதங்கள் வந்துவிட்டன. சந்தின் 6 அடியில் 4 அடி மூலை வீட்டு லாட்டுக்குள் வருகிறது. மீதி 2 அடியும் லோரோங் முழுவதும் ரிசாப் ஜாலான். ஸிங்க் கூரை ரிசாப்புக்குள் 5 அடி நீண்டிருக்கிறது. கிராண்டில் வழியுரிமைக் குறிப்பு எதுவும் இல்லை. தள அமைப்பு வரைபடத்தில் அந்த 6 அடி முழுக்க நடைபாதை என்று கோடு போட்டிருக்கிறது. இப்போது எங்கள் நிலை என்ன? எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாட்டியும் உண்டு. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போக அந்தச் சந்து வழியாகத்தான் வேனுக்குக் கொண்டுபோவார்கள்.

எல்லைக்கல் எழுதியது:

இது நல்ல நிலைமைதான். கூரை விஷயத்தில் வாதமே இல்லை, ரிசாப்புக்குள் 5 அடி. கேட் அந்த 2 அடி ரிசாப்பையும் சேர்த்து மறிக்கிறது. ஆக கேட்டின் அந்தப் பகுதியாவது அரசாங்க நிலத்தில் நிற்கிறது. மன்றமும் நில அலுவலகமும் கைவைக்க இது போதும்.

4 அடிக்குத் தள அமைப்பு வரைபடம்தான் உங்கள் பலம். நடைபாதை என்று காட்டி அங்கீகாரம் வாங்கிய இடத்தை மூடுவது அந்த அங்கீகாரத்துக்கு எதிரானது என்று திட்டமிடல் பிரிவுக்குத் தனிக் கடிதம் போடுங்கள். அதோடு 1974 சட்டத்தில் சாலை என்பதற்குள்ள விளக்கத்தையும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லாட்டுகளுக்குப் போகும் வழியாகப் பயன்படும் நடைபாதை, சந்து எல்லாம் அதில் சாலைதான். பொதுமக்களுக்கு அங்கே வழியுரிமை இருக்கிறதா இல்லையா என்பது அந்த விளக்கத்துக்குத் தேவையே இல்லை. "தனியார் நிலம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கவுண்டரில் சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

நிரந்தரமாகத் தீர்க்க இரண்டு வழி. உரிமையாளர் ஒத்துக்கொண்டால் 17ஏ படிவத்தில் வழியுரிமை எழுதிக் கொடுத்து இரண்டு பக்கக் கிராண்டிலும் பதிவு செய்யலாம். அவர் வீட்டுக்கு வங்கிக் கடன் இருந்தால் வங்கியையும் அணுக வேண்டியிருக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நிலச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் பகுதி. நில நிர்வாகி விசாரணை நடத்தி, இழப்பீடு நிர்ணயித்து, வழியை உத்தரவாகவே உருவாக்கலாம். பிரிவு 388-இலிருந்து படியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீடுகளுக்கு முன்பக்கம் சாலை இருக்கிறது. அதனால் தேவை என்று நிரூபிப்பது சிரமம். சுற்று எவ்வளவு மீட்டர், சக்கர நாற்காலி முன்பக்கம் போக ஏன் முடியாது, படிக்கட்டு எத்தனை, கால்வாய்ப் பாலம் எவ்வளவு அகலம் என்று அளவோடு காட்டினால்தான் மனு நிற்கும். நில நிர்வாகியின் முடிவு பிடிக்காவிட்டால் பிரிவு 418-இல் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

செந்தூல்காரர் எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே இதைப் படிப்பவர்கள் கவனிக்க: திட்டமிடல் குற்றங்களுக்குக் கூட்டரசுப் பிரதேசத்தில் 1976 சட்டம் இல்லை, கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் 1982. மன்றத்துக்குப் பதில் டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகராட்சி), நில விஷயத்துக்குக் கூட்டரசுப் பிரதேச நில, சுரங்க இயக்குநர் அலுவலகம்.

இன்னொன்று, "கேட் போட்டாலே தொல்லை" என்று நம்பிப் போகாதீர்கள். 2015-இல் டி'வில்லா இகுவெஸ்டிரியன் குடியிருப்பு வழக்கில் பூம் கேட்டும் காவல் சாவடியும் தொல்லை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்புக் கட்டணம் கட்டாத வீட்டுக்காரர் தானே இறங்கித் தடுப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த அசௌகரியம் போதாது என்று தீர்ப்பு.

லைட்ஸ்திரீட் எழுதியது:

செந்தூல் அண்ணன் சொன்ன தீர்ப்பு சரி, எதிர்த்தரப்பு லாயர் அதைத்தான் முதலில் நீட்டுவார். அதனால் வேறுபாட்டை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மன்றத்தின் அனுமதி இருந்தது, வழி அடைபடவில்லை, சிரமம் மட்டும்தான். இங்கே பூட்டு. யாரும் எந்த நேரமும் போக முடியாது. அனுமதி உண்டா என்று மன்றத்திடம் எழுத்தில் கேட்கச் சொன்னதன் காரணமும் இதுதான். "அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை" என்ற ஒரு வரிப் பதில் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அவர் நாளைக்குப் பூட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டை மட்டும் சாத்தி வைத்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். இன்றைய பூட்டின் படம், தேதியோடு, வெவ்வேறு நாளில் எடுத்தது வேண்டும்.

பாட்டியின் விஷயம் மிக முக்கியம். தனிப் பாதிப்பு என்ற முதல் கதவு அவருக்குத் திறக்கும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ், வேன் கூடுதலாக நிற்கும் நேரம், முன்பக்கம் தூக்கிக்கொண்டு போக ஆள் வைத்த செலவு, இவை எல்லாருக்கும் பொதுவான சிரமத்திலிருந்து வேறு. டயாலிசிஸ் மையத்தின் அட்டவணை, டாக்டர் கடிதம், வேன் ரசீதுகள், தூக்க வந்தவருக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு எல்லாம் சேருங்கள். அவரை முதல் மனுதாரராக வைத்தால் சட்டத்துறைத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். அவர் சம்மதித்தால் மட்டும். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், குறுக்கு விசாரணை வரலாம், இதையெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து விளக்கிவிட்டுக் கேளுங்கள்.

அதற்கு முன் லாயர் நோட்டீஸ் ஒன்று. 14 நாள் கெடு. கேட்டின் பூட்டை எடுக்கவும், ரிசாப்பில் உள்ள கூரையைப் பிரிக்கவும் கேட்டு, எல்லைக்கல் ஐயா சொன்ன 17ஏ வழியையும் அதிலேயே முன்வையுங்கள். இரவில் சந்தைச் சாத்த வேண்டும் என்று அவருக்கு உண்மையான பாதுகாப்புப் பயம் இருந்தால் சாவி எல்லா வீட்டிலும் இருக்கும்படி, பகல் முழுக்கத் திறந்திருக்கும்படி எழுத்தில் பேசலாம். அதற்கு மன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

ஆறாம்வீடு எழுதியது:

வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பத்தையும் சேர்க்கலாமா?

லைட்ஸ்திரீட் எழுதியது:

சத்தத்துக்கும் வாடைக்கும் சேர்க்கலாம். தனித் தொல்லைக்கு வீட்டில் சட்டப்படி இருக்கும் உரிமை வேண்டும், வாடகை ஒப்பந்தம் அதைக் காட்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, ஸ்டாம்ப் அடித்ததா என்று பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது. தாமதக் கட்டணம் கட்டி ஸ்டாம்ப் அடித்துக்கொள்ளலாம், ஆனால் வழக்குக்கு முன் செய்துவிடுங்கள். 28-ஆம் பகுதி மனுவை வீட்டு உரிமையாளர்கள் பெயரிலேயே போடுங்கள்.